உண்ண முடியாத உயிர்

ஃபுகுஷிமா அணுமின் நிலையத்துக்கு வடக்கே, ஒடாகா பகுதியில் இருந்த ஒரு பால் பண்ணையின் மரத்தூண்கள் நடுவில் இளைத்து, இடுப்பு ஒடிந்தவை போல நின்றன. கட்டுத்தறியில் பிணைக்கப்பட்டிருந்த கறவை மாடுகள் பசி பொறுக்காமல் அவற்றைக் கடித்துத் தின்றிருந்தன.

2011 மார்ச் 11 அன்று நிலம் நடுங்கிக் கடல் பொங்கியது. மறுநாள் மாலைக்குள், கதிர்வீச்சு அபாயத்தால், அணு உலையைச் சுற்றி 20 கிலோமீட்டரைக் காலி செய்யும்படி உத்தரவு வந்துவிட்டது. இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று நம்பிப் பலர் மாடுகளைக் கட்டியபடியே விட்டுப் போனார்கள். சிலர் மனம் கேளாமல் அவிழ்த்துவிட்டார்கள். அந்த வட்டத்துக்குள் ஏறக்குறைய 3,500 மாடுகள் இருந்தன. அவற்றில் பலவற்றைக் கொன்றது பசியும் தாகமும்தான்.

மே 12 அன்று, எஞ்சிய கால்நடைகளை உரிமையாளரின் சம்மதத்தோடு கொன்றுவிடும்படி அரசு அறிவுறுத்தியது. அதற்கு அரசு பயன்படுத்திய சொல் ‘அன்ராகுஷி’. நிம்மதியான சாவு என்று பொருள்.

யாருடைய நிம்மதி?

கதிர்வீச்சு அந்த மாடுகளை என்ன செய்தது என்பதை, கொல்லப்பட்ட 79 மாடுகளின் உறுப்புகளைச் சேகரித்து தோஹோகு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். பொட்டாசியத்தின் சாயலில் உடலுக்குள் நுழையும் கதிரியக்கச் சீசியம், மற்ற உறுப்புகளைவிடத் தசையில் அதிகம் தங்கியிருந்தது. தாயின் வயிற்றிலிருந்த கன்றையும் அது விட்டுவைக்கவில்லை. சீசியம்-137 பாதியாகக் குறைய 30 ஆண்டு ஆகும். ஆனால் உடலிலிருந்து அது வெளியேற அவ்வளவு காலம் ஆகாது. மாட்டுக்குச் சுத்தமான தீவனம் கொடுத்துவந்தால், உடலில் சேர்ந்ததில் பெரும்பகுதி சில மாதங்களில் சாணத்திலும் சிறுநீரிலும் கழிந்துவிடும். ஆக, உயிர் பிழைக்க வழியே இல்லாத நோயாளிகள் அல்ல அவை. விற்க முடியாதவை, அவ்வளவுதான். இங்கேதான் கேள்வி அறிவியலை விட்டு அறத்துக்குள் வருகிறது.

கொல்லாமையை முதல் சீலமாகக் கொண்ட பௌத்தம் வேரூன்றிய நாடு ஜப்பான். 675-இல் பேரரசர் தெம்மு, மாடு உள்ளிட்ட சில விலங்குகளின் இறைச்சிக்கு ஆண்டின் ஒரு பகுதியில் தடை விதித்தார். 1872-இல் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்டது ஊரறிந்த செய்தியானது. இந்த இரண்டுக்கும் நடுவே மனச்சாட்சி தனக்கொரு வழி தேடிக்கொண்டது. இறைச்சிக்கூடங்களின் அருகே கால்நடை ஆன்மாக்களுக்கு நினைவுக்கல் நட்டுத் துறவியை அழைத்து மந்திரம் ஓதுகிறார்கள். சாப்பிடும் முன் கைகூப்பி ‘இதாதகிமாசு’ என்கிறார்கள். பணிந்து பெற்றுக்கொள்கிறேன் என்று அர்த்தம். உன் உயிரை வாங்கிக்கொள்கிறேன், வீணாக்கமாட்டேன் என்ற ஒப்பந்தம் அதில் இருப்பதாகப் பலர் விளக்குவார்கள்.

ஃபுகுஷிமாவில் முறிந்தது அந்த ஒப்பந்தம். பெற்றுக்கொள்ள ஆளில்லாமல் உயிர் மட்டும் எடுக்கப்பட்டது. அடிமாடாகப் பிறந்த ஒன்று, உண்ணத் தகாததாகிவிட்டால் வாழும் உரிமையையும் இழந்துவிடுமா? அப்படியானால் நினைவுக்கல்லின் முன் நாம் வணங்கியது அதன் ஆன்மாவையா, அதன் இறைச்சியையா?

சம்மதக் கையெழுத்துப் போட்டவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் வைக்கவும் அனுமதி இல்லாத நிலையில், பட்டினியில் துடிப்பதைவிட ஊசி மேல் என்று அவர்கள் நினைத்ததில் கருணை இருந்தது. அவிழ்த்துவிடப்பட்ட மாடுகள் அயலாரின் ஆளில்லா வீடுகளைப் பாழாக்கியதும் உண்மை.

ஆனால் கையெழுத்துப் போடாதவர்களும் இருந்தார்கள். உலையிலிருந்து 14 கிலோமீட்டரில், நமியே ஊரில் மசாமி யோஷிசாவா முந்நூற்றுக்கும் மேற்பட்ட மாடுகளைக் காப்பாற்றி, அந்த இடத்துக்கு ‘நம்பிக்கைப் பண்ணை’ என்று பெயர் வைத்தார். சிலவற்றின் கரிய தோலில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றின. காரணம் கதிர்வீச்சுதானா என்று ஆராயக் கோரி, 2014 ஜூனில் அப்படி ஒரு மாட்டை வண்டியில் ஏற்றி டோக்கியோவில் வேளாண் அமைச்சகத்தின் வாசலுக்கே கொண்டுபோனார்.

அந்தப் பண்ணையில் பால் கறப்பதில்லை, கறிக்கு விற்பதில்லை. கதிரியக்கம் படிந்ததால் வேறெங்கும் பயன்படுத்த முடியாத தீவனக் கட்டுகள் லாரியில் வந்து இறங்கின. மாடுகள் அவற்றைத் தின்று, அசைபோட்டு, வயதாகிச் செத்தன.