சாவி தொலைஞ்ச பாதயாத்திரையும் இடும்பன் சந்நிதியும்

 

இன்னைக்கு இடும்பனைப் பத்தி எழுதப் போறேன். அதுக்கு முன்னாடி என் கதை கொஞ்சம் சொல்லியாகணும், பொறுத்துக்கோங்க.

2025-ல தைப்பூசம் பிப்ரவரி 11-ஆம் தேதி வந்துச்சு. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ராத்திரி திண்டுக்கல்ல இருந்து நடக்க ஆரம்பிச்சோம். பழனிக்குச் சுமார் 60 கிலோமீட்டர். ரெட்டியார்சத்திரம் தாண்டி அன்னதானப் பந்தல்ல டீ குடிக்க உக்காந்தப்பதான் பாத்தேன், பை ஜிப்புல மாட்டியிருந்த சாவியைக் காணோம்.

அது எங்க தாத்தாவோட டிரங்குப் பெட்டி சாவி. தாத்தா பூட்டுப் பட்டறையில வேலை பாத்தவர். அந்தப் பெட்டியில தொங்குற மாங்காய் பூட்டு அவரே அரம் போட்டு ராவிச் செஞ்சது. 2019-ல திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்போ (பழனி பஞ்சாமிர்தத்துக்கும் அதே வருஷம்தான்) அவர் பெருசா அலட்டிக்கல. "பட்டறை எல்லாம் மூடினப்புறம் பட்டம் குடுக்குறாங்களாக்கும்"னு சிரிச்சார். அவர் போனப்புறம் அந்தப் பெட்டியை நான் யாரையும் திறக்க விடல. நானும் திறக்கல. சாவி மட்டும் எங்கே போனாலும் என்கூட வரும்.

வந்த வழியில திரும்பி நாலு கிலோமீட்டர் நடந்தேன். செல்போன் டார்ச் அடிச்சுக்கிட்டே. எதிர்ல வர்ற கூட்டம் எல்லாம் "அரோகரா"ன்னு போகுது, நான் மட்டும் தரையைப் பாத்துக்கிட்டு எதிர்த்திசையில போறேன். கிடைக்கல. ஒட்டன்சத்திரத்துல மத்தவங்களைப் பிடிச்சப்போ விடிஞ்சிருச்சு. பசங்க "ஒரு சாவிக்காடா இவ்ளோ?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்லத் தெரியல. குழுவுல மூத்த சாமி ஒருத்தர் மட்டும், "விடு சாமி, மலையேறும்போது இடும்பனைப் பாத்து நல்லா கும்பிட்டுக்க. பாரத்தோட கஷ்டம் அவனுக்குத் தெரியும்"னார்.

சத்தியமா அப்போ எனக்கு அது புரியல. படி ஏறும்போது பாதி வழியில இடும்பன் சந்நிதி வரும்ல, நாம பாதிப் பேர் மூச்சு வாங்க நிக்கிற இடம்னுதான் அதை நினைச்சிருக்கோம். காவடி எடுக்கிறவங்க முதல்ல வணங்குறது அவரைத்தான். ஏன்?

கதை தெரிஞ்சதுதான். சூரபத்மன் போர் முடிஞ்சு தப்பிப் பிழைச்ச அசுரன் இடும்பன். சிவகிரி, சக்திகிரின்னு ரெண்டு மலையைப் பொதிகைக்குக் கொண்டுவரச் சொன்னார் அகத்தியர். பிரம்மதண்டத்தைத் தோள்ல வச்சு, பாம்புகளைக் கயிறாக்கி, ரெண்டு பக்கமும் மலையைக் கட்டித் தூக்கிட்டு வந்தார். திருவாவினன்குடி பக்கம் வந்ததும் களைச்சுப்போய் இறக்கி வச்சார். மறுபடி தூக்கப் பாத்தா மலை அசையல. மேலே ஒரு சின்னப் பையன், கோவணமும் தண்டமுமா நிக்கிறான். "இந்த மலை என்னுது"ங்கிறான்.

இந்த இடத்துல நான் ரொம்ப நாள் நின்னு யோசிச்சேன். இடும்பன் "சரி முருகா, உன் இஷ்டம்"னு விட்டுட்டுப் போகல. மல்லுக்கு நின்னார். சண்டை போட்டார், விழுந்தார், உயிரே போச்சு. அவர் மனைவி இடும்பி அழுது வேண்டி, அகத்தியரும் வந்து கேட்டப்புறம்தான் முருகன் எழுப்பினார். அப்படி மல்லுக்கு நின்னவரைத்தான் முருகன் தன் மலைக்குக் காவலா வச்சார். என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி இவனைக் கும்பிட்டுட்டு வாங்கன்னு வச்சிருக்கார். "பக்தன்னா எதுக்கும் கலங்கக் கூடாது"ன்னு ஸ்டேட்டஸ் போடுறோமே, அந்தப் பேச்சு இடும்பன் சந்நிதியில எடுபடாது.

இன்னொண்ணு. "தொலைஞ்சதை முருகன் ரெண்டு மடங்கா திருப்பித் தருவார்"னு ரீல்ஸ்ல வருது. தரலாம், அவர் இஷ்டம். ஆனா இடும்பனுக்கு மலை திரும்பக் கிடைக்கல. ரெண்டு மலையும் இன்னைக்கும் பழனியிலதான் இருக்கு. ஒண்ணு முருகன் நிக்கிறது, பக்கத்துல இருக்கிறது இடும்பன் மலை. பொதிகைக்குப் போகவே இல்ல. அகத்தியரும் "என் மலை எங்கே?"ன்னு கேட்கல, ஆளுக்காகத்தான் பரிஞ்சு பேசினார். இடும்பன் கேட்ட வரமும் மலை இல்ல. தன்னை மாதிரி தோள்ல காவடி கட்டி வர்றவங்களுக்கு அருள் செய்யணும்னு கேட்டார்.

பால்காவடி எடுத்தவங்க யாராவது அந்தப் பாலை வீட்டுக்குத் திருப்பி எடுத்துட்டு வந்திருக்காங்களா? அங்கே இறக்கத்தான் இத்தனை தூரம் தூக்குறோம். இடும்பன் காவடியில இருந்த மலை இறங்கினப்புறம், மிச்சம் இருந்த தண்டுதான் நமக்கு வந்து சேர்ந்திருக்கு.

சரி, பூட்டு என்னாச்சு? ஊருக்கு வந்து மூணு மாசம் அப்படியே விட்டேன். ஆபீஸ்ல யாரும் தொடப் பயப்படுற பழைய கோடு ஒண்ணு இருக்கும் பாருங்க, அந்த மாதிரி. அப்புறம் அம்மா ஒரு நாள், "மழைக்கு முன்னாடி அந்தப் பெட்டியைத் திறந்து பாரு தம்பி, துணி எல்லாம் செல்லரிச்சுப் போயிருக்கும்"னாங்க. பூட்டு செய்யற பெரியவர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தேன். "உள்ளே இருக்கிற லீவரைப் பாக்காம சாவி செய்ய முடியாது தம்பி. பின்தகட்டை வெட்டித்தான் எடுக்கணும். அப்புறம் இது பழைய பூட்டா இருக்காது"ன்னார். தாத்தா கை வேலையை வெட்டறதுக்கு நான் சம்மதிக்கணும். வாய் வரல. அம்மாதான் தலையை ஆட்டினாங்க.

பெட்டியில நாலு வேட்டி, ரெண்டு செல்லரிச்சது. பழைய பஞ்சாமிர்த டப்பா ஒண்ணு, உள்ளே ரிவிட்டும் சின்ன அரமும். வேற ஒண்ணுமில்ல. டப்பாவையும் அரத்தையும் பெரியவருக்கே கொடுத்துட்டேன். அவருக்கு அது தினம் பயன்படும். கொடுத்த அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல, அதையும் சொல்லிடறேன்.

பூட்டுக்குப் புதுத் தகடு, புது சாவி போட்டுக் கொடுத்தார். இப்ப அது எங்க வாசல் கேட்ல தொங்குது. திறக்கும்போது சத்தம் வேற மாதிரிதான் இருக்கு. பெட்டியில அம்மா போர்வை அடுக்கி வச்சிருக்காங்க, பூட்டறதில்ல.

அடுத்த தைக்குப் பால்காவடி எடுக்கலாம்னு இருக்கேன், முதல் தடவை. எடுத்துப் பழக்கம் உள்ளவங்க விரதம் எப்படி இருக்கணும்னு சொல்லுங்க.

இடும்பனுக்கு அரோகரா! கந்தனுக்கு அரோகரா!
வேலும் மயிலும் துணை.