முடிவு யாருடையது?

உயர்தர வகுப்பிலே அவலச்சுவை பற்றிய பாடமொன்றை நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, “சேர், ஒரு கதையின் முடிவு பிழை என்று சொல்ல வாசகனுக்கு உரிமை உண்டா?” எனக் கேட்டார். அவர் மனத்திலிருந்தது பாடநூலிலுள்ள கதை அன்று. ‘கேம் ஒவ் த்ரோன்ஸ்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் நாடகமே அவர் மனத்தில் இருந்தது. 2019ஆம் ஆண்டிலே முடிந்துபோன அந்நாடகத்தின் முடிவு நன்றா தீதா என்ற வழக்கு வகுப்பறையின் பின்வாங்குகளில் இன்னும் தீர்க்கப்படாமலே கிடந்தது என்பதை அன்றுதான் நாம் அறிந்தோம். சிரித்து ஒதுக்கிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பியிருக்கலாம். மனம் வரவில்லை. கேள்வி நாடகத்தைப் பற்றியதாயினும், கலைக்கும் மக்களுக்கும் இடையிலான உறவு எத்தகையது என்னும் பழைய கேள்வி அதனுள்ளே இருந்தது.

நாடகத்தைப் பாராதோர்க்காகச் சில செய்திகளை முதலிற் கூறிவிடுதல் நலம். ஜோர்ஜ் ஆர். ஆர். மாட்டின் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1996இல் தொடங்கிய நாவல் வரிசையைத் தழுவியது இத்தொடர். எச்.பி.ஓ. நிறுவனம் 2011 ஏப்ரல் முதல் 2019 மே வரை எட்டுப் பருவங்களில், 73 பகுதிகளாக இதனை ஒளிபரப்பியது. கற்பனை நாடொன்றின் அரியணைக்காகப் பிரபுத்துவக் குடும்பங்கள் ஒன்றையொன்று அழிப்பதே கதை. அரசிழந்த குலமொன்றின் பெண்ணாகிய டெனேரிஸ், அடிமைச் சந்தைகள் நிறைந்த நகரங்களிலே விலங்குகளைத் தறித்து, விடுதலை தருபவளாக எழுகிறாள். பெருங்குடிகள் மாறிமாறி மேலேறவும் அடியிற் கிடக்கும் மக்கள் நசுங்கவும் சுழலும் சக்கரத்தையே உடைப்பேன் என்பது அவளது சூளுரை. ஆனால் இறுதிப் பருவத்தின் ஐந்தாம் பகுதியிலே, தலைநகர் சரணடைந்ததற்கு அடையாளமாக மணிகள் ஒலித்த பின்னர், தீயுமிழும் தன் பறவைநாகத்தின் மீதமர்ந்து அந்நகரத்தையும் அதன் குடிமக்களையும் அவளே எரிக்கிறாள். அடுத்த பகுதியில் அவளை நேசித்த ஜோன் என்பவனே அவளைக் குத்திக் கொல்கிறான். எஞ்சிய பிரபுக்கள் கூடிப் பிரான் என்னும் இளைஞனை அரசனாகத் தெரிவுசெய்கிறார்கள்.

இம்முடிவு கண்டு கொதித்தெழுந்தோர் தொகை சிறிதன்று. இறுதிப் பருவத்தைத் தகுதியுள்ள எழுத்தாளரைக் கொண்டு திரும்பவும் ஆக்கித் தரவேண்டுமென்று கோரிய இணைய விண்ணப்பமொன்றில் 15 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். அதே ஆண்டிலே, சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருது அந்த இறுதிப் பருவத்துக்கே வழங்கப்பட்டது. இரு கட்சிகள் பிரிந்தன. படைப்பாளி சுதந்திரமானவன், அவன் தந்ததை ஏற்பதே ரசிகன் கடன் என்றது ஒரு கட்சி. எட்டாண்டுக் காலம் எங்கள் பொழுதையும் பணத்தையும் தந்தோம், எங்களுக்குக் கணக்குத் தீர்க்கப்பட வேண்டும் என்றது மற்றையது.

முடிவோடு மல்லுக்கு நிற்கும் வழக்கம் புதியதன்று. சேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ நாடகத்திலே குற்றமற்ற கோடீலியா மாள்வதைச் சகிக்க இயலாத காலமொன்று இங்கிலாந்தில் இருந்தது. 1681இல் நாகும் டேற் என்பவர் அவளைப் பிழைக்க வைத்து, மணமும் முடித்து, லியரையும் உயிரோடு விட்டு நாடகத்தைத் திருத்தி எழுதினார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆங்கில மேடையை ஆண்டது அத்திருத்தமே. கோடீலியாவின் மரணத்தைத் திரும்பப் படிக்கவும் அஞ்சிய சாமுவேல் ஜோன்சன் போன்ற பேரறிஞரும் அதனை ஆதரித்தார். 1838இலேதான் மக்ரெடி என்னும் நடிகர் மூலப் பாடத்தை மேடைக்கு மீட்டுக் கொணர்ந்தார்.

இன்னோர் உதாரணம். 1879இல் வெளிவந்த இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தின் முடிவிலே நோரா கணவனையும் குழந்தைகளையும் விட்டு வெளியேறுகிறாள். ஜேர்மனியில் அப்பாத்திரத்தை ஏற்கவிருந்த புகழ்பெற்ற நடிகை, தன் குழந்தைகளை விட்டுச் செல்லும் தாயாகத் தான் நடிக்க இயலாதென்று மறுத்தார். பிறநாட்டு மேடைகளில் ஆசிரியனுடைய உரிமைக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாத காலம் அது. வேறெவரோ வெட்டித் திருத்துவதிலும் தானே திருத்துவது மேலென்று எண்ணிய இப்சன் மாற்று முடிவொன்றை எழுதிக் கொடுத்தார். குழந்தைகளின் அறைவாயிலில் நோரா தளர்ந்து சாயத் திரை விழுகிறது. 1880இல் மேடையேறிய அம்முடிவைத் தன் நாடகத்துக்கு இழைக்கப்பட்ட கொடுமையென்றே இப்சன் கருதினார்.

இவ்விரண்டையும் ஒன்றாக வைத்து நோக்குதல் தகும். கோடீலியா வாழவேண்டுமென்று கேட்டது இரக்கம். நோரா வீட்டிலேயே இருக்கவேண்டுமென்று கேட்டது ஆணாதிக்கச் சமுதாயத்தின் அச்சம். ஊற்றுக்கள் வேறாயினும் இரண்டு வேண்டுகோளும் ஒன்றையே செய்தன. உலகம் எவ்வாறு இயங்குகின்றதென்று கலைஞன் கண்டு சொன்னானோ, அதனைச் சொல்லாதே என்றன. அத்தகைய ரசிகருக்கு எதிராக நாம் கலைஞனின் பக்கத்திலேயே நிற்போம்.

ஆனால் 2019இல் எழுந்த கூக்குரல் முழுவதையும் இவ்வகையுள் அடக்கிவிட முடியுமா? ஜோனும் டெனேரிஸும் மணமுடித்து அரியணையில் அமரவில்லையே என்று வருந்தியோர் இருந்தனர். அவர்கள் நாகும் டேற்றின் வாரிசுகள். அவர்களுக்கு மறுமொழி கூறியாயிற்று. வேறொரு சாராரின் முறைப்பாடோ வேறு. “அவள் நகரை எரித்தாள் என்பதன்று எங்கள் குறை, விடுதலை வீராங்கனை எவ்வாறு கொலைகாரியானாள் என்பதை எங்களுக்குக் காட்டவில்லையே” என்றனர் அவர்கள். இவர்கள் கேட்டது ஆறுதலை அன்று, காரணத்தை. முடிவானது முன்சென்ற நிகழ்ச்சிகளிலிருந்தே தோன்ற வேண்டுமென்று அரிஸ்டோட்டில் வகுத்த விதியையே, அவர் பெயரறியாமல், அவர்கள் நினைவூட்டினர். இவ்வேண்டுகோள் முற்றிலும் நியாயமானது. முதல் ஆறு பருவங்கள் ஒவ்வொன்றும் பத்துப் பகுதிகள் கொண்டவை. ஏழாவது ஏழாகவும் எட்டாவது ஆறாகவும் சுருங்கின. நிறுவனம் மேலும் பகுதிகளுக்கு இசைந்திருந்தும், பெனியோவ், வைஸ் என்னும் தயாரிப்பாளர் இருவரும் அவ்வளவோடு முடிக்கத் தீர்மானித்தனர். ஆண்டுக்கணக்காக மெல்ல முறுக்கேறிய கயிறு ஒரே இழுப்பில் அறுக்கப்பட்டது.

காரணம் காட்டப்படாத இடத்திலே எது வைக்கப்பட்டது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. அங்கே வைக்கப்பட்டது குருதி. டெனேரிஸின் தந்தை ஊரையெரிக்கத் துணிந்த பைத்தியக்கார அரசன். அக்குலத்திலே ஒரு குழந்தை பிறக்கும்போதெல்லாம் அது மேன்மையுறுமா பித்துறுமா என்று தேவர்கள் நாணயம் சுண்டிப் பார்க்கிறார்கள் என்பது அந்நாட்டு வழக்கு. அவள் நகரை எரித்தபோது நாணயம் விழுந்துவிட்டது என்று நாம் எண்ணிக்கொள்ள விடப்பட்டோம். குணம் குலத்தால் வருவது என்னும் இந்த விளக்கம் பிரபுத்துவம் தன்னைப் பற்றித்தானே சொல்லிக்கொண்ட கதையல்லவா? அதிகாரமும் பயமும் தனிமையும் மனிதரை எவ்வாறு கொடியோராக்குகின்றன என்று எழுபது பகுதிகளிற் காட்டிவந்த நாடகம், இறுதியிலே பரம்பரைப் பித்தில் தஞ்சம் புகுந்தது. பழைய அமைப்பை உடைக்க முயல்பவர் ஈற்றில் ஊரை எரிப்பவரே என்னும் பாடத்தையும் அது கூடவே விட்டுச் சென்றது. மாற்றத்தை விரும்பாதோர்க்கு இதைவிட இனிய பாடம் வேறென்ன?

இவ்வளவும் கூறியபின், முடிவை ஆதரிப்போரின் வலுவான வாதத்தையும் நேர்மையோடு ஏற்க வேண்டும். மீரீன் என்னும் நகரைக் கைப்பற்றியபோது, ஆண்டைகள் கொன்று தொங்கவிட்ட 163 அடிமைக் குழந்தைகளுக்கு ஈடாக 163 ஆண்டைகளை அவள் கம்பங்களில் அறைந்தாள். எண்ணிக்கையே அங்கு நீதியாயிற்று. அவர்களுள் ஒருவன் குழந்தைகளின் கொலையை எதிர்த்துப் பேசியவனென்று அவன் மகன் வந்து முறையிட்டதையும் நாடகம் மறைக்கவில்லை. அப்போது நாம் என்ன செய்தோம்? கைதட்டினோம். அவளுடைய பட்டப்பெயராகிய ‘கலீசி’யை 2018இல் மட்டும் அமெரிக்காவிலே ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெற்றோர் தம் பெண் குழந்தைகளுக்குச் சூட்டினர். தீ நமக்குப் பிடிக்காதவர்மேல் விழுந்தவரை அது நீதியாக இருந்தது. பெயர் தெரியாத குடிமக்கள்மேல் விழுந்தபோதே அது குற்றமாயிற்று. அவள் மாறியதை நமக்குச் சரிவரக் காட்டவில்லை என்று நாம் முறையிடுவதில் உண்மையுண்டு. காட்டப்பட்டதை நாம் பார்க்க விரும்பவில்லை என்பதிலும் உண்மையுண்டு. 1983 முதல் 2009 வரை போரைக் கண்ட நாட்டில் வாழும் நாம் இக்கேள்வியைக் கற்பனை நாட்டுக்குரியதென்று ஒதுக்கிவிட இயலாது.

இறுதிப் பகுதியிலே இன்னொரு காட்சியுண்டு. அரசனைத் தெரியக் கூடிய சபையில் சாம்வெல் என்னும் ஏட்டறிவாளன் எழுந்து, ஆட்சி எல்லோரையும் பற்றியதாதலின் எல்லோருமே தெரிவுசெய்தால் என்னவென்று தயங்கித் தயங்கிக் கேட்கிறான். பிரபுக்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அப்படியானால் நாய்க்கும் குதிரைக்கும் வாக்குக் கேட்கலாமே என்பது அவர்களின் கேலி. அக்காட்சி நகைச்சுவையாகவே அமைக்கப்பட்டது. பார்த்தவரும் சிரித்தனர், நாமும் சிரித்தோம். பின்னர், பிரானிடம் மிகச் சிறந்த கதையொன்று இருக்கிறதென்ற நியாயத்தின் பேரில் முடி அவனுக்கு வழங்கப்படுகிறது. சாம்பலாய்க் கிடக்கும் நகரத்து மக்களுக்குக் கதை இல்லையாம்! எட்டாண்டுக் காலம் யார் அமர்வது தகும் என்றே நாம் வாதிட்டோம். ஆசனமே தகுமா என்று கேட்ட ஒருவனை நாமும் சேர்ந்து சிரித்து உட்காரவைத்தோம். நல்லவரொருவர் வந்து நம்மை ஆளமாட்டாரா என்ற ஏக்கம் நம்முள் எவ்வளவு ஆழமாய் வேரூன்றியுள்ளது என்பதற்கு அச்சிரிப்பே சான்று.

ஒப்பமிட்ட 15 இலட்சம் பேரின் கோபத்துக்கு என்ன நேர்ந்தது? எதுவும் திருப்பி எடுக்கப்படவில்லை. அதே குலத்தின் முன்கதையைச் சொல்லும் ‘ஹவுஸ் ஒவ் த டிராகன்’ 2022 ஓகஸ்ட்டில் தொடங்கியபோது, அமெரிக்காவில் முதல் நாளிலேயே ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அதனைப் பார்த்தனர். இதிலே வியப்பில்லை. பழுதான சரக்கை மாற்றித்தா என்பது வாடிக்கையாளனின் மொழி. அடுத்த சரக்கைக் காட்டி வாடிக்கையாளனை எளிதில் ஆற்றிவிடலாம் என்பதை வணிகன் அறிவான். “இது ஏன் இவ்வாறு முடிந்தது? இம்முடிவால் யாருக்கு நயம்? நான் எதை விரும்பினேன், ஏன் விரும்பினேன்?” என்று கேட்பவனை அவ்விதம் ஆற்ற முடியாது. அவன் விமர்சகன்.

ஆகவே அம்மாணவருக்கு நாம் கூறிய விடை இதுவே. முடிவு பிழையென்று சொல்ல வாசகனுக்கு உரிமை நிச்சயமாக உண்டு. ஆனால் அது வினவும் உரிமை, கட்டளையிடும் உரிமையன்று. தனக்கு இனிக்கவில்லை என்பதையும் உண்மையாக இல்லை என்பதையும் பிரித்தறியும் பொறுப்பு அவ்வுரிமையோடு கூடவே வருகிறது.

விடையோடு நில்லாமல் வேலையொன்றும் கொடுத்தோம். வேறு முடிவு எழுதவேண்டாம். விடுபட்ட காட்சியை எழுதுங்கள், மணி ஒலிப்பதற்கு முன் என்ன நிகழ்ந்திருந்தால் அம்முடிவு தவிர்க்கவியலாததாக இருந்திருக்கும் என்று சிந்தியுங்கள் என்றோம். பலர் டெனேரிஸின் மனத்துள் புகுந்து எழுதினர். பின்வாங்கிலிருந்த மாணவியொருவர் மட்டும் பறவைநாகத்தின் மீது ஏறவேயில்லை. மணியோசை கேட்டுப் போர் முடிந்துவிட்டதென்று நம்பி, பூட்டிய கதவைத் திறந்து, பிள்ளைக்குத் தண்ணீர் எடுக்கத் தெருவுக்கு வந்த ஒரு தாயைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். அவளுக்குப் பெயரில்லை. வானத்தை அவள் நிமிர்ந்து பார்ப்பதோடு கதை நின்றுவிட்டது.

அதனை வகுப்பிலே வாசித்தபோது, முடிவு சரியா பிழையா என்று யாரும் கேட்கவில்லை.