கணக்கில் வராத கடன்

பி.காம். படிக்கும்போது எங்களுக்கு வணிகச் சட்டம் எடுத்த பேராசிரியர் ஒரே ஒரு விஷயத்தைத் தலையில் குட்டாத குறையாகச் சொல்லிக்கொடுத்தார். பிரதிபலன் இல்லாமல் ஒப்பந்தம் இல்லை. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 25-வது பிரிவு. விதிவிலக்குகள் உண்டு, அவை பரீட்சைக்கு. சுருக்கமாக, காசு கொடுக்காதவன் கேள்வி கேட்க முடியாது.

இந்தப் பாடத்தை மறுபடி ஞாபகப்படுத்தியவர் ஒரு ஸ்வீடன்காரர். பெயர் டேனியல் ஸ்டென்பெர்க். உங்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவர் எழுதியது அநேகமாக உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது.

1996-ல், இணைய அரட்டையில் இருந்தவர்களுக்கு அன்றன்றைய கரன்சி மதிப்பைச் சொல்ல ஆசைப்பட்டார். அதை நெட்டிலிருந்து எடுத்துவர, வேறொருவர் எழுதிய குட்டி புரோகிராமைத் திருத்த ஆரம்பித்தார். 1998-ல் அதற்கு ‘கர்ல்’ என்று பெயர் வைத்தார். 2000-ல் அதன் உள்வேலையைத் தனியே பிரித்து, மற்றவர்களும் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் லைப்ரரியாக்கினார். ‘சி’ மொழியில் எழுதியது. தபால்காரர் உத்தியோகம்தான்: நெட்டிலிருந்து ஒன்றை வாங்கி வரும், ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்கும். போன், டி.வி., கார் என்று எங்கும் இருக்கிறது. ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட இடங்களில் ஓடுவதாக அவர் மதிப்பிடுகிறார். விலை? பைசா கிடையாது.

எழுதுவதுகூடச் சுலபம் சார், கட்டிக் காப்பதுதான் கஷ்டம். விண்டோஸுக்காக ஒரு வரியை மாற்றினால் லினக்ஸில் இடிக்கும். அதைச் சரிசெய்தால், எங்கோ ஒரு பழைய கம்ப்யூட்டர் படுத்துவிடும். இப்படி நூறு இயங்குதளங்களோடு குடித்தனம். 2006 கடைசியில் இந்த லைப்ரரியை நம்பி எழுதிய புரோகிராம் இன்றைய பதிப்போடும் ஓட வேண்டும் என்பது விடாமல் காக்கும் விரதம். பல வருஷம் இதெல்லாம் ஆபீஸ் முடிந்து வந்து செய்த வேலை. 2019-ல்தான் இதுவே அவருக்கு முழுநேர வேலையானது.

கிடைத்த மரியாதை என்ன? கார்த் திரையில், உரிமக் குறிப்புகளுக்கு நடுவே அவர் முகவரியைப் பார்த்தவர்கள், ‘என் காரில் இது வேலை செய்யவில்லை’ என்று அவருக்கு மெயில் அனுப்பினார்கள். 2022 ஜனவரியில் ஒரு பெரிய கம்பெனி, அவருக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு மென்பொருளின் ஓட்டையைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்லும்படி கேட்டது. ‘ஒப்பந்தம் போடுங்கள், சந்தோஷமாகச் சொல்கிறேன்’ என்று பதில் போட்டார். எங்கள் பேராசிரியர் கைதட்டியிருப்பார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2023 அக்டோபரில் கர்லிலேயே ஒரு மோசமான ஓட்டை. 2020-ல் அவரே எழுதிய வரிகள். 1,315 நாள் யார் கண்ணிலும் படவில்லை. ‘எந்த உத்தரவாதமும் இல்லை’ என்று உரிமத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. தோளைக் குலுக்கிவிட்டுப் போயிருக்கலாம். அவரோ திருத்தத்தை வெளியிட்ட அன்றே, தான் எங்கே கோட்டைவிட்டேன் என்று விளக்கி, வலிக்கிறது என்றும் எழுதினார்.

காசு வாங்காதவருக்கு இந்தப் பொறுப்பு எங்கிருந்து வந்தது? நம் வேலையின் மேல் யாரோ சாய்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்த கணத்தில் வந்துவிடுகிறது என்றுதான் தோன்றுகிறது.

அப்படியானால் அந்தக் கம்பெனி கெடு வைத்ததும் நியாயம்தானே என்பீர்கள். இல்லை. பேரேட்டில் ஒரு பக்கம் பற்று எழுதினால், மறுபக்கம் வரவு எழுதியாக வேண்டும். இந்தக் கணக்கு அப்படி டேலி ஆகாது. அவருக்குக் கடமை உண்டு. அதனாலேயே நமக்கு உரிமை வந்துவிடாது. அவராக ஏற்றுக்கொண்டதை நாம் கெடு வைத்து வசூலித்தால், தானம் கப்பமாகிவிடும். நாளைக்கே ‘போதும்’ என்று அவர் விலகினாலும் தப்பில்லை. முன்கூட்டிச் சொன்னால் சரி.

பெரிய கம்பெனியைச் சொல்லிவிட்டேன். என் கதையைக் கேளுங்கள். எங்கள் அடுக்குமாடியில் தினமும் விடியற்காலை மோட்டார் போடுகிறவர் ஒரு ரிட்டயர்டு பெரியவர். யாரும் அவரை நியமிக்கவில்லை. ஒருநாள் குழாயில் தண்ணீர் இல்லை. சோப்பு நுரையோடு பாத்ரூம் ஜன்னல் வழியே கத்தினேன்: ‘‘என்ன சார், மோட்டார் போடலையா?’’

‘‘ரெண்டு நாளா ஜுரம் தம்பி. எழுந்திருக்க முடியலை. மன்னிச்சுக்குங்க.’’

மன்னிப்புக் கேட்டது அவர். ஏழு வருஷமாக அந்தத் தண்ணீரில் குளித்தது நான். மோட்டார் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய்த்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.