கொடுக்கச் செல்வோர்

உரோமானியர் காலந்தொட்டே வெந்நீரூற்றுக்குப் பெயர்பெற்ற ஊர், இங்கிலாந்தின் பாத் நகரம். நோயாளரோடு சூதாடிகளும் அங்குக் குழுமினர். 1739-இல் அருளுரையாற்ற வந்த ஜான் வெஸ்லியை, அந்நகரின் கேளிக்கைகளை நெறிப்படுத்திய பியூ நாஷ் என்னும் சூதாடி இடைமறித்து, எவ்வதிகாரத்தால் பேசுகிறீர் என வினவினார். வெஸ்லி தயங்காது விடையிறுத்தார். சூது குடிகெடுப்பது, அதைக் கண்டித்தல் முறையே. எனினும், வெளியூர் ஏழை நோயாளர்க்கென 1742-இல் அங்குத் திறக்கப்பெற்ற மருத்துவமனைக்குப் பொருள் திரட்டியவருள் அந்த நாஷும் ஒருவர்!

இத்தகைய ஊர்களுக்கு இன்று நற்செய்திப் பயணம் மேற்கொள்ளும் கிறித்துவ இளைஞர், இருளுக்குள் விளக்கேந்திச் செல்வதாகவே எண்ணிவிடுதல் எளிது. ஆர்வம் போற்றத்தக்கதே. ஆனால், கொடுக்கவே வந்தோம் என்னும் எண்ணம், அங்கு முன்னரே எரியும் விளக்கைக் கண்ணுக்கு மறைத்துவிடாதா? முதல் நாள் போதனையை நிறுத்தி, அவ்வூரார் ஒருவர்க்கொருவர் செய்துவரும் உதவிகளைக் கேட்டறிந்தால், அவர்தம் தொண்டு குறைந்துபோகுமோ?