கம்பியில் பின்னிய மணி

கீதையின் 7ஆம் அத்தியாயத்தில் கண்ணன், நூலில் கோத்த மணிகள்போல் உலகமெல்லாம் தன்னிடம் கோக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறான். இதை ராமானுஜர், உலகம் உடல், இறைவன் அதன் ஆன்மா என்ற உறவாக விரித்தார். அவர் கொள்கைக்கு, கம்பியில் பின்னிய மணிநகை இன்னும் நெருக்கமான உவமை என்பேன். நூலில் மணி முன்னும் பின்னும் நழுவும். எந்த மணியும் எங்கும் இருக்கலாம். பின்னலிலோ, மெல்லிய செம்புக் கம்பியில் மணிகளை முதலிலேயே கோத்துவைத்து, கண்ணி போடப் போட ஒவ்வொன்றாகத் தள்ளுவார்கள். கம்பி ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு மணிக்கும் தன் கண்ணி, தன் இடம். மணியை உடைத்தெடுத்தாலும் பின்னல் நிற்குமே, அப்படியானால் மணி வெறும் ஒப்பனைதானே என்று கேட்கலாம். நிற்கும்தான். உடலே ஆன்மாவைச் சார்ந்தது, ஆன்மா உடலைச் சார்ந்ததல்ல என்பதுதானே அவர் கட்சி! சார்ந்திருப்பதாலேயே ஒன்று பொய்யாகிவிடாது.