சுவிட்ச் யார் கையில்?

1847இல் எடின்பரோ மருத்துவர் ஜேம்ஸ் சிம்ப்சன் பிரசவ வலிக்குக் குளோரோஃபார்ம் கொடுக்கத் தொடங்கியதும், ஏவாளுக்குக் கடவுள் விதித்த வேதனையில் மனிதன் கைவைக்கலாமா என்ற ஆட்சேபம் கிளம்பியது. சிம்ப்சனும் பைபிளைக் கொண்டே மறுத்தார்: ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் கடவுளே அவனைத் தூங்க வைக்கவில்லையா? 1957இல் போப் பன்னிரண்டாம் பயஸ், மயக்கவியல் மருத்துவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கையில், வலியைத் தணிக்கத் தடையில்லை என்று தெளிவாக்கினார். வழக்கு தீர்ந்தது என்றே பலரும் நினைத்திருப்பார்கள்.

இன்று அது வேறு உருவில் திரும்பியிருக்கிறது. அறுவை வலியைத் தணிக்க, மரத்துப்போக வைக்கும் மருந்தான புபிவாகெய்னை நரம்பருகே ஊசியாகப் போட்டால் சில மணி நேரத்தில் ரத்தம் அதைக் கொண்டுபோய்விடும். அளவைக் கூட்டினால் இதயத்துக்கு ஆபத்து. எனவே மருந்தை லிப்போசோம் எனும் நுண்ணிய கொழுப்புக் குமிழிகளிலோ மக்கும் பாலிமர் துகள்களிலோ அடைத்து, சிறுகச் சிறுகக் கசியவிடுகிறார்கள். இப்படி லிப்போசோமில் அடைத்த புபிவாகெய்னுக்கு 2011இல் அமெரிக்கா அனுமதி தந்தது. சாதாரண ஊசியைவிட அது எவ்வளவு மேல் என்ற சர்ச்சை ஓயவில்லை. ஆய்வுக்கூடங்களோ நாள்கணக்கில் மரத்திருக்க வைக்கும் நானோ துகள்களைத் தேடுகின்றன.

வலியை அத்தனை நாள் வாயடைத்து வைக்கலாமா?

கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகால்களைப் பல ஆண்டுகள் கவனித்தவர். விரல்களைக் கிருமி தின்பதில்லை. நரம்பு செத்து வலி தெரியாததால், சுட்டாலும் குத்தினாலும் உணராமல் அவர்களே காயப்படுத்திக்கொள்கிறார்கள் என்று கண்டார். வலியைக் கடவுளின் கொடை என்றே எழுதினார். பிறகு அமெரிக்காவின் கார்வில்லில், மரத்த கைக்குச் செயற்கை வலி தரும் கருவி செய்து பார்த்தார். ஆபத்தான வேலை வந்தபோதெல்லாம் நோயாளிகள் அதை அணைத்துவிட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

எலும்பு முறிவுக்குப் பின் தசைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடலாம். மிகையான வலிதான் அதன் முதல் எச்சரிக்கை. நீண்ட மரப்பு அதை மறைத்துவிடுமோ என்ற அச்சம் மருத்துவர்களுக்கு உண்டு.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் டேனியல் கோஹேன் குழுவினர், பேத்தை மீன் நஞ்சான டெட்ரோடாக்சினை லிப்போசோமில் அடைத்து எலிகளுக்குச் செலுத்தினர். அண்மை அகச்சிவப்பு ஒளி பட்டால் மருந்து வெளியாகும். 2015இல் வெளியான இந்த ஆய்வு, மரப்பை வேண்டும்போது மட்டும் வரவழைக்க வழிகாட்டியது.

மனிதருக்கு இது வந்தால் சுவிட்ச் நோயாளி கைக்கே போகலாம். கார்வில் அனுபவம் அங்கே தயங்க வைக்கிறது. ஆனால் அறுவைக்கு வந்தவரின் நரம்பு சாகவில்லை. மருந்து தீர்ந்ததும் வலி தானே திரும்பும். அதுவரை எந்த வீக்கத்தை, எந்த நிறமாற்றத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதை ஊசிக்கு முன்பே அவருக்கு விளக்கியாக வேண்டும்.