மெல்லிய மணமும் மேன்மை நெறியும்

மங்கையர் கூந்தலுக்கு மணம் இயற்கையா, செயற்கையா என்று இறையனாரின் குறுந்தொகைப் பாடலை முன்னிட்டு நக்கீரர் தொடுத்த வழக்கைத் தமிழர் அனைவரும் அறிவர். திருவிளையாடல் கூறும் அவ்வழக்கு, மணம் எங்கிருந்து பிறக்கிறது என்பதைப் பற்றியது. அதனினும் கடினமான வினா ஒன்று உண்டு: பிறந்த மணம் எதுவரை செல்லலாம்?

வேண்டாத காட்சிக்குக் கண்ணை மூடலாம். வேண்டாத ஒலிக்குச் செவியைப் பொத்தலாம். மூச்சை எத்துணை நேரம் அடக்க இயலும்? ஒருவர் பூசிய வாசனை, பேருந்திலும் மருத்துவமனையிலும் அருகிருப்பவரின் இசைவு கேளாமலே அவர் மூச்சில் புகுகிறது. ஆதலின் மணம் பூசுதல் தன் மேனியைப் பற்றிய செயல் மட்டும் அன்று. பொதுக் காற்றைப் பற்றிய செயலும் ஆகும்.

1990களின் தொடக்கத்தில் ழான் குளோத் எல்லேனா என்னும் பிரெஞ்சு நறுமணக் கலைஞர், பச்சைத் தேயிலையும் எலுமிச்சை இனக் கனிகளும் நினைவுக்கு வரும் மெல்லிய வாசனை நீர் ஒன்றைப் புல்கரி நிறுவனத்துக்காக ஆக்கினார். மேனியை ஒட்டியே நிற்கும் மணம் அது. தேயிலையின் சாயலை அதற்குத் தந்த பொருள்களுள் ஒன்று அயனோன். 1893-இல் ஜெர்மனியில் அயனோனை ஆக்கியபோது அதற்கு மூலமாக நின்றது சிட்ரால். அந்தச் சிட்ராலை மிகுதியாக உடையது நம் மலைச்சரிவுகளில் விளையும் எலுமிச்சைப் புல்லின் தைலம். கொச்சித் துறைமுகத்தின் வழியே கப்பலேறியதால் உலகச் சந்தையில் அதற்குக் 'கொச்சின் ஆயில்' என்றே பெயர் வழங்கிற்று. பின்னாளில் ஆலைகளில் ஆக்கிய சிட்ரால் அதன் இடத்தைப் பெரிதும் பற்றிக்கொண்டது. எனினும் மெல்லிய மணத்தின் வரலாற்றில் இவ்வூர்க்கும் பங்குண்டு என எண்ணி மகிழலாம்.

மெல்லிய மணம் அண்டி வருவோர்க்கு மட்டுமே தன்னை உணர்த்துகிறது. விலகி நிற்பவரை வருத்துவதில்லை. அழையா வீட்டில் நுழையாத விருந்தினரைப் போன்றது அது. இந்த அடக்கம் அறத்தின் பாற்பட்டது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இங்கே ஒரு தடை எழும். விலையுயர்ந்த மென்மணம் பூசியவர், உழைப்பவரின் வியர்வையைக் கண்டு முகஞ்சுளித்தால் அந்த மென்மை அடக்கமாகுமா? பள்ளுருத்தியிலிருந்து வடக்கே மட்டாஞ்சேரிக்குச் சென்று பாருங்கள். மிளகும் சுக்கும் மூட்டையாகும் கிடங்குகளில் பாடுபடுவோர் மேனியில் ஏறிய நெடி அவர்கள் விரும்பி அணிந்ததன்று. கோட்டைக் கொச்சியின் வெளி பகுதியில் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்களின் முன்னோர், படைவீரரின் உடை வெளுக்க ஒல்லாந்தரால் கொண்டுவரப்பட்டோர் என்பது வழிவழிச் செய்தி. கஞ்சியிட்டு, வெயிலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுப் பிறர் மேனிக்குத் தூய மணம் தருவோர் அவர்கள். அவர்தம் வியர்வையை இகழ்பவர் தாம் உடுத்திய வெளுப்பையே இகழ்ந்தவராவர். விரும்பிப் பூசிய மணத்துக்கே எல்லை வகுக்கலாம். உழைப்பு தந்த வாடைக்கு அன்று. அடக்கம் என்பது தன்னை அளக்கும் கோல். பிறரை அடிக்கும் கோல் அன்று.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இவ்வினா இன்னும் நெருக்கமானது. தாளித்த பெருங்காயத்தின் மணமும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகையும் அண்டை வீட்டார்க்கு எட்டுமோ என அஞ்சிச் சன்னலைச் சாத்துகிறோம். தாயின் சேலையில் படிந்த அடுக்களை மணத்துக்குப் பிள்ளைகள் நாணுவதும் உண்டு. இதனை அடக்கம் என்று அழைக்கலாகாது, இது அச்சம். இரண்டும் புறத்தே ஒன்றுபோல் தோன்றும். வேறுபாடு அறிய ஒரு வழி உண்டு. எவரும் நம்மை இகழார் என்னும் உறுதி இருந்தால், அப்போதும் நாம் குறைத்துக்கொள்வோமா? குறைத்துக்கொள்வோமெனின் அது அயலார்மீது கொண்ட பரிவு. இல்லையெனின் நம்மீதே கொண்ட நாணம். பரிவு மனிதனை உயர்த்தும். நாணமோ தலைமுறைகளைத் தம் வீட்டிலேயே அயலாராக்கும்.

ஆகவே பூசும் மணம் அளவோடு இருக்கட்டும். அயலார் மூச்சை மதிக்கட்டும். வாழும் மணத்துக்கு மட்டும் நாண வேண்டா. சன்னலைச் சாத்துவதினும், அண்டை வீட்டாரை ஒருநாள் உணவுக்கு அழைப்பது நன்று. அண்டி வந்தபின் அம்மணமும் அவர்க்கு உறவாகிவிடும்.